எண்ணி எழுதிய கரை

நுழையும்முன்

கடற்கரையில் கிடக்கும் குப்பையை அகற்றுவது நற்செயல். அகற்றியதை எண்ணி எழுதிவைப்பது அதனினும் நெடிய பயன் தருவது. அயல்நாட்டுத் தீவொன்றில் தமிழ்நாட்டு மாணவர்கள் ஒருநாள் முற்பகலில் ஆற்றிய தொண்டும், பிற்பகலில் துடுப்பு வலித்துச் சென்ற பயணமும் இவ்வுண்மையை உணர்த்துகின்றன.

தீவுநாடும் அதன் கரையும்

சிங்கப்பூர் சிறிய நாடு. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் நிலப்பரப்பு, இன்று 730 சதுர கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்நாடு பிறர் நிலம் எதனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடலைத் தூர்த்தே நிலமாக்கிக்கொண்டது. துறைமுகமும் தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் அவ்வாறு பெற்ற நிலத்தின்மீது எழுந்தன.

இவ்வளர்ச்சிக்கு இயற்கை கொடுத்த விலை பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காட்டை மூடியிருந்த அலையாத்திக் காடுகள், இன்று ஒரு விழுக்காட்டளவுக்குச் சுருங்கிவிட்டன. அலையின் வேகத்தை ஆற்றுவதால் அக்காட்டிற்கு அலையாத்தி என்னும் பெயர் வந்தது என்பர். மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாகவும், பறவைகளுக்குக் கூடாகவும், கரைக்கு அரணாகவும் விளங்கும் காடு அது. எஞ்சியிருக்கும் கரை மிகக் குறைவு என்பதனாலேயே, எஞ்சியதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் தன்னார்வலர் கூட்டம் ஒன்று அங்கே உருவாயிற்று.

கல்விப் பயணமாகச் சிங்கப்பூர் சென்ற மேல்நிலை வகுப்பு மாணவர் குழுவுடன் ஆசிரியராக நானும் சென்றிருந்தேன். வானளாவிய கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் கண்டு முடித்தபின், ஒருநாள் முழுவதையும் கடற்கரைத் தொண்டுக்கென ஒதுக்கியிருந்தோம். அந்நாளுக்காக நாங்கள் சென்ற இடம் புலாவ் உபின் என்னும் தீவு.

பன்னிருவர் ஏறும் படகு

சிங்கப்பூரின் வடகிழக்கு முனையில் சாங்கிப் படகுத்துறை உள்ளது. அங்கிருந்து பம்போட் எனப்படும் மரப்படகுகள் புலாவ் உபினுக்குச் செல்கின்றன. இப்படகுகளுக்குக் கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பயணிகள் சேர்ந்தவுடன் படகு புறப்பட்டுவிடும். நொடி பிசகாமல் இயங்கும் தொடர்வண்டிகளைக் கண்டு வியந்திருந்த மாணவர்களுக்கு, ஆள் சேரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும் படகு புதுமையாக இருந்தது. துறையில் நடப்பட்டிருந்த எச்சரிக்கைப் பலகையில் ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று என்று பாடநூலில் படித்த செய்தி, பலகையில் எழுத்தாக நின்றதைக் கண்டு மாணவர்கள் மகிழ்ந்தனர்.

கால்மணி நேரத்திற்குள் தீவை அடைந்தோம். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புடைய புலாவ் உபினில் அடுக்குமாடிகள் இல்லை. தகரக் கூரை வேய்ந்த வீடுகளும், மிதிவண்டி வாடகைக்கு விடும் கடைகளும், தென்னையும் பலாவும் நிறைந்த தோட்டங்களுமே உள்ளன. ஒருகாலத்தில் இத்தீவின் கருங்கல் சுரங்கங்கள் புகழ்பெற்றவை. பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவில் 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஆர்ஸ்பரோ கலங்கரை விளக்கத்திற்குரிய கல், இத்தீவிலிருந்தே எடுத்துச்செல்லப்பட்டது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து அவை ஏரிகளாகிவிட்டன. நெடுங்காலம் காணாமற்போயிருந்த இருவாட்சிப் பறவை, 1994இல் இத்தீவில் மீண்டும் தென்பட்டது. இன்று அது இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

ஓதம் வகுத்த அட்டவணை

எங்களை எதிர்கொண்ட வழிகாட்டி, பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் தமிழ்ப்பெண். மாணவர்கள் அவரை முதற்கணத்திலேயே ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். அன்றைய நிகழ்ச்சி நிரலை அவர் விளக்கிய முறையே ஒரு பாடமாக அமைந்தது.

“இன்றைய நேரத்தை வகுத்தவள் நான் அல்லள், ஓதம். காலை எட்டு மணியளவில் தாழ் ஓதம். அப்போது கடல் பின்வாங்கிச் சேற்றுநிலம் வெளிப்படும். நாம் இறங்கி வேலை செய்யலாம். அதிலிருந்து ஏறத்தாழ ஆறுமணி நேரத்தில் உயர் ஓதம். அப்போது இதே சேறு ஆளுயர நீருக்குள் மறைந்துவிடும். நாம் துடுப்புப் படகில் செல்லலாம். காலையில் நடந்த இடத்தின் அருகிலேயே மாலையில் மிதப்போம். நேரம் தவறினால் கடல் நமக்காகக் காத்திராது.”

அலையாத்திக் காட்டில் நடப்பதற்கும் சில நெறிகள் உண்டு. தரையிலிருந்து கூர்முனைகளாக மேலெழும் மூச்சுவேர்களை மிதித்தலாகாது. உயிர்க்காற்று குறைந்த சேற்றில் வாழும் மரங்கள் அவற்றின் வழியாகவே மூச்சு விடுகின்றன. மண்ணில் ஆழப் புதைந்த பொருளைப் பிடுங்கியெடுத்தலாகாது. அது சேற்றைக் கலக்கி, அதிலுள்ள வளைகளை அழித்துவிடும். சிப்பியோ நத்தையோ ஒட்டி வாழும் பொருளை முதலில் ஆராய்ந்தபின்னரே எடுக்கவேண்டும். மூடிய கலன்களில் உள்ள நீர்மம் இன்னதென்று தெரியாதபோது அவற்றைத் தொடலாகாது. தூய்மை செய்ய வந்தவர் காட்டை மிதித்து அழித்துவிட்டுச் செல்வதைவிட, வாராமலிருப்பதே நன்று.

கையுறையும் பதிவுத்தாளும்

நால்வருக்கு ஒரு குழுவாகப் பிரிந்தோம். மூவருக்குக் கையுறையும் சாக்கும். நான்காமவருக்கு ஓர் எழுதுபலகையும் பதிவுத்தாளும். தாளில் பொருள்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன: நெகிழிப்புட்டி, புட்டிமூடி, உறிஞ்சுகுழல், உணவுப்பொதி உறை, பை, மெத்துப்பெட்டித் துண்டு, வெண்சுருட்டின் எச்சம், மீன்வலை, கயிறு என அப்பட்டியல் நீண்டது. எடுப்பவர் உரக்கப் பெயர் சொல்லவேண்டும். எழுதுபவர் உரிய கட்டத்தில் ஒரு கோடு இடவேண்டும். நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாம் கோடு. இறுதியில் சாக்குகளை நிறுத்து எடையையும் குறிக்கவேண்டும். விலங்கு ஏதேனும் குப்பையில் சிக்கியிருப்பின், அதனை எழுதுவதற்கென்று தனிப்பகுதியும் இருந்தது.

தொடக்கத்தில் எழுதும் பணியை எவரும் விரும்பவில்லை. சேற்றில் இறங்குவதே வீரம் என்றும், எழுதுவது ஓய்வு என்றும் அவர்கள் எண்ணினர். அரைமணி நேரத்தில் அவ்வெண்ணம் மாறிற்று. மூவர் ஒரே நேரத்தில் குரல் கொடுக்க, ஒன்றையும் தவறவிடாமல் குறிப்பது எளிதன்று. மெத்துப்பெட்டித் துண்டுகளுக்குரிய கட்டம் விரைவிலேயே நிரம்பி வழிந்தது. கோடுகளைத் தாளின் ஓரத்தில் தொடர வேண்டியதாயிற்று. தொட்டவுடன் உதிர்ந்து வெண்மணிகளாகச் சிதறும் அத்துண்டுகளை எடுப்பதும் கடினம், எண்ணுவதும் கடினம். ஒரு பெட்டி உடைந்தால் எத்தனை ஆயிரம் துகள்களாகும் என்பதைக் கைகளே கற்றுக்கொண்டன.

சில பொருள்களில் அயல்மொழி எழுத்துகள் இருந்தன. சில, கப்பல்களிலிருந்து வந்தவை; சில, மீன்வளர்ப்பு மிதவைகளிலிருந்து அறுந்தவை; சில, நகரத்துக் கால்வாய் வழியே கடலுக்கு வந்தவை. இவற்றுள் எவருடைய குப்பை எது என்று பிரித்தறிதல் அரிது. கடலுக்கு நாட்டெல்லை இல்லை. ஆதலால் கரையில் ஒதுங்குவதற்கும் நாட்டுரிமை இல்லை.

ஆற்றில் கரைத்த புளியா?

இரண்டு மணி நேரம் கழிந்தது. சாக்குகள் நிறைந்து வரிசையாக நின்றன. ஆயினும், அண்ணாந்து பார்த்தால் கரை அப்படியே கிடப்பது போலத் தோன்றியது. அப்போது மாணவி ஒருத்தி வினவினாள்:

“அக்கா, இன்னும் சில மணி நேரத்தில் ஓதம் ஏறிவரும். வரும்போது புதிய குப்பையையும் கொண்டுவரும். அப்படியானால் நாங்கள் செய்தது ஆற்றில் கரைத்த புளிதானே?”

எல்லாருடைய மனத்திலும் இருந்த வினா அது. வழிகாட்டி அதனை மறுக்கவில்லை.

“எடுத்ததோடு நின்றுவிட்டால் அப்படித்தான், தங்கையே. நாளைக் காலையில் இந்தக் கரையைப் பார்ப்பவர், நீங்கள் வந்து சென்றதை அறியமாட்டார். ஆனால், உன் கையிலுள்ள தாளை ஓதத்தால் அழிக்க இயலாது. சாக்கில் உள்ளது இன்றைய குப்பை. தாளில் உள்ளது, அது எங்கிருந்து வருகிறது, எது கூடுகிறது, எது குறைகிறது என்பதற்குரிய சான்று. ‘கரை அசுத்தமாக இருக்கிறது’ என்று சொன்னால் கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போவார். ‘இந்த இடத்தில், இந்த நாளில், இந்தப் பொருள் இத்தனை’ என்று சொன்னால், அதற்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.”

இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1986இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலக் கடற்கரையில் லிண்டா மரானிசு, கேத்தி ஓகாரா என்னும் இரு பெண்கள் ஒரு தூய்மைப் பணியைத் தொடங்கினர். ஏறத்தாழ 2,800 பேர் திரண்டு, மூன்று மணி நேரத்தில் 124 டன் குப்பையை அகற்றினர். அதற்குமுன்னும் பலர் கடற்கரைகளைத் தூய்மை செய்ததுண்டு. எடுத்த ஒவ்வொன்றையும் எழுதுமாறு அவ்விருவரும் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டதே புதுமை. பன்னாட்டுக் கடலோரத் தூய்மை நாள் அங்கிருந்தே பிறந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையையொட்டி உலகெங்கும் அது நடைபெறுகிறது. சிங்கப்பூர் 1992இல் இதில் இணைந்தது. அதே முறை, அதே வகையான தாள். ஆகவே, ஒரு தீவில் இடப்பட்ட கோட்டை மற்றொரு கண்டத்தில் இடப்பட்ட கோட்டோடு ஒப்பிட முடிகிறது. பல ஆண்டுகளாக இப்பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது வெண்சுருட்டின் எச்சம். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் முதன்முறையாக உணவுப்பொதி உறைகள் அவ்விடத்தைப் பிடித்தன. எண்ணாதிருந்தால் இம்மாற்றம் எவர் கண்ணிலும் பட்டிராது.

வலையில் சிக்கிய தொல்லுயிர்

வேலை முடியும் தறுவாயில், மரவேர்களின் இடையே பின்னிக்கிடந்த ஒரு மீன்வலையை மாணவர்கள் கண்டனர். பாதி வலை சேற்றில் புதைந்திருந்தது. இழுக்க முற்பட்டவர்களை வழிகாட்டி தடுத்து நிறுத்தினார். வலைக்குள் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓர் உயிர் மெல்ல அசைந்தது. அது குதிரைலாட நண்டு.

கைவிடப்பட்ட வலையைப் பேய்வலை என்பர். அதனை விரித்தவர் அதை மறந்துவிட்டாலும், வலை தன் தொழிலை மறப்பதில்லை. நெகிழி இழையால் ஆனதாதலின் மட்காமல் பல்லாண்டுகள் கிடந்து, வரும் உயிர்களையெல்லாம் பிடித்துக்கொண்டே இருக்கும். சிக்கிய மீனை உண்ண வரும் நண்டும் சிக்கும். நண்டைத் தேடிவரும் பறவையும் சிக்கும்.

வழிகாட்டி சிறு கத்தரியால் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். மாணவர்கள் இருவர் நண்டின் ஓட்டை இருபுறமும் பற்றி, அசையாமல் தாங்கிக்கொண்டனர். நீண்ட வாலைப் பிடித்துத் தூக்கலாகாது என்று அவர் எச்சரித்தார். பார்ப்பதற்குக் கொடுக்குப்போல் அச்சுறுத்தும் அவ்வால் எவரையும் கொட்டுவதில்லை. அலையால் மல்லாந்துபோகும்போது ஊன்றித் திரும்புவதற்கான நெம்புகோலே அது. கால்களைச் சுற்றியிருந்த கடைசி இழையை நீக்குவதற்குள் கால்மணி நேரம் சென்றது. ஓதம் ஏறத்தொடங்கி, எங்கள் கணுக்காலை நீர் தொட்டது. அவசரப்பட்டால் கால் முறியும்; தாமதித்தால் நாங்கள் கரையேற இயலாது. எவரும் பேசவில்லை. விடுபட்ட உயிரை நீரோரத்தில் விட்டபோது, அது சேற்றில் ஒரு கோடு இழைத்தபடி மெல்ல நகர்ந்து மறைந்தது.

பதிவுத்தாளில் அவ்வலைக்குக் கிடைத்தது ஒற்றைக் கோடுதான். அருகிலிருந்த தனிப்பகுதியில், ‘குதிரைலாட நண்டு ஒன்று, உயிருடன் விடுவிக்கப்பட்டது’ என்று எழுதினர். அன்றைய தாள்கள் அனைத்திலும் மாணவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்த வரி அதுவே.

தெரிந்து தெளிவோம்

குதிரைலாட நண்டு பெயரளவில்தான் நண்டு. உறவுமுறையில் அது சிலந்திக்கும் தேளுக்கும் நெருக்கமானது. இவ்வினத்தின் மூதாதையர் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே கடலில் வாழ்ந்தவை. உலகில் இன்று நான்கு இனங்களே உள்ளன. அவற்றுள் இரண்டு சிங்கப்பூரிலும், இரண்டு இந்தியாவின் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளிலும் காணப்படுகின்றன. செம்பு கலந்த புரதம் இருப்பதால் இவற்றின் குருதி நீலநிறமானது. ஊசி வழியே உடலில் செலுத்தும் மருந்துகளில் நுண்ணுயிர் நச்சு கலந்துள்ளதா என்று ஆய்வதற்கு அக்குருதி பயன்படுகிறது.

துடுப்பு கற்பித்த பாடம்

பிற்பகலில் கடல் ஏறிவந்தது. காலையில் நடந்த சேறு எங்கே என்று தெரியவில்லை. உயிர்காப்பு மேலுடை அணிந்து, இருவர் அமரும் கயாக் படகுகளில் ஏறினோம். முன்னிருப்பவர் தாளம்போலச் சீராக வலிக்கவேண்டும். பின்னிருப்பவர் அதற்கேற்ப வலித்துத் திசையைப் பார்க்கவேண்டும். இருவரும் ஒத்துழையாவிடில் படகு நின்ற இடத்திலேயே சுழலும். முதற் பத்து நிமிடங்கள் சிரிப்பிலும் சுழற்சியிலும் கழிந்தன. பின்னர்த் தாளம் கைவந்தது.

சதுப்புநில ஓடைக்குள் நுழைந்ததும் ஓசை அடங்கியது. இருபுறமும் வளைந்திறங்கிய வேர்கள் நீருக்குள் தூண்களாய் நின்றன. மேலே கிளைகள் கூடி நிழற்பந்தலிட்டிருந்தன. வேர்மீது ஏறியமர்ந்திருந்த சேற்று மீன்கள் எங்கள் நிழல் பட்டதும் நீர்மேல் துள்ளி ஓடின. மீன்கொத்தியொன்று நீலக்கீற்றாய்ப் பாய்ந்து மறைந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் கண்டிருந்த மாணவர் ஒருவர், “நம்மூர்க் காட்டின் உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது” என்றார்.

ஓடையின் வாய் கடந்து கடலிடுக்கை எட்டியபோது நிலைமை மாறிற்று. மேற்கு வானில் கருமுகில் திரண்டது. காற்று எதிர்த்தது. ஓதமும் திரும்பத் தொடங்கியிருந்ததால், நீரோட்டம் படகுகளைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. வழிகாட்டியின் ஊதல் ஒலித்தது. முன்பே பயிற்றுவித்தபடி எல்லாப் படகுகளும் ஒன்றையொன்று நெருங்கி, ஒவ்வொருவரும் அடுத்த படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டனர். தனித்தனியே கவிழக்கூடிய சிறு படகுகள் இப்போது ஒரே தெப்பமாயின. அத்தெப்பத்தின்மீது காற்று மோதிற்று, கவிழ்க்க இயலவில்லை.

அவ்வாறு பற்றிக்கொண்டு மிதந்தபோது, எங்களோடு சேர்ந்து நீரில் வேறு சிலவும் மிதந்து வந்தன: ஒரு நெகிழிப்புட்டி, மெத்துப்பெட்டித் துண்டுகள் சில, பாதி அறுந்த கயிறு. எங்களை எந்த நீரோட்டம் இழுத்ததோ அதே நீரோட்டம் அவற்றையும் இழுத்தது. காலையில் வினா எழுப்பிய மாணவி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கரைக்குக் குப்பை எப்படி வருகிறது என்று இப்போது தெரிகிறது” என்றாள். கடலின் போக்கை வரைபடத்தில் பார்ப்பதற்கும் தோள்வலியால் அறிவதற்கும் வேறுபாடு உண்டு.

காற்று சற்றுத் தணிந்ததும், மின்னல் நெருங்குமுன் கரையேறிவிட வேண்டும் என்று வழிகாட்டி பணித்தார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்செல்பவரை விட்டுப் பிரியாமல் வலித்துத் துறை சேர்ந்தன. கடைசிப் படகு கரை தொட்டபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

பார்த்தவர்கள் காத்த கரை

மழை விடும்வரை துறையருகே ஒரு கூரையின்கீழ் ஒதுங்கியிருந்தோம். அங்கே வழிகாட்டி சொன்ன வரலாறு, காலையில் எழுந்த வினாவிற்கு முழுமையான விடையாக அமைந்தது.

இத்தீவின் கீழ்க்கோடியில் செக் ஜாவா என்னும் ஈரநிலம் உள்ளது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல்வெளி, பவளச் சிதைவுத் திட்டு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வாழிடங்கள் அங்கு ஒருங்கே கூடுகின்றன. இவ்விடத்தையும் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 2001இல் செயற்பாட்டுக்கு வரவிருந்தது. அப்போது அதன் அருமையைப் பொதுமக்களுள் மிகப்பலர் அறிந்திருக்கவில்லை. தாவரவியலாளர் ஜோசப் லாய் உள்ளிட்ட இயற்கை ஆர்வலர்கள் அதனை எடுத்துரைக்கவே, மக்கள் தாழ் ஓத நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்தனர். அருங்காட்சியக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் கயிறு கட்டிப் பரப்பை அளந்து, அங்கு வாழும் உயிர்களைப் பட்டியலிட்டனர். பலர் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினர். அரசுக்கு அறிக்கைகள் அளித்தனர். 2001 டிசம்பரில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. 2007இல் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள நடைபாலமும், காட்டை மேலிருந்து காண ஒரு கோபுரமும் திறக்கப்பட்டன.

இவ்வெற்றியை நிறைவான வெற்றி என்று வழிகாட்டி கூறவில்லை. “ஒத்திவைப்பு என்பது கைவிடுதல் ஆகாது. தீவு வளர்ச்சிப் பணிக்குத் தேவைப்படாத காலம்வரை என்பதே அந்த முடிவின் நிபந்தனை. மேலும், காப்பாற்றிய கரையும் மாறாமல் இருப்பதில்லை. 2007இன் தொடக்கத்தில் பெருமழையால் கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்து, அங்கிருந்த உயிர்கள் பெருமளவில் மடிந்தன. முன்னர் என்னென்ன இருந்தன என்பதற்குப் பதிவு இருந்ததால்தான், எவை மீண்டுவந்தன என்று கண்டறிய முடிந்தது. ஆகவே நாங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறோம்” என்றார்.

காலையில் இட்ட கோடுகளின் பொருள் அப்போது எல்லார்க்கும் விளங்கிற்று. செக் ஜாவாவைக் காத்தவர்களிடம் படையோ பெரும்பொருளோ இருந்ததில்லை. நேரில் சென்று பார்த்த கண்களும், பார்த்ததை எழுதிய தாள்களும் இருந்தன.

நம் கரையின் ஏடு

இம்முறை நமக்குப் புதிதன்று. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கிவருகிறது. முட்டையிடும் பருவத்தில் மாணவர்களும் தன்னார்வலர்களும் நள்ளிரவில் கரையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, பங்குனி ஆமை இட்டுச்சென்ற முட்டைகளைப் பொரிப்பிடத்திற்குக் கொண்டுசேர்க்கின்றனர். முட்டைகளை மட்டுமன்றி, இறந்து ஒதுங்கும் ஆமைகளையும் அவர்கள் கணக்கெடுக்கின்றனர். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. அச்செய்தி எண்ணிக்கையோடு நாளிதழ்களில் வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு கரையில் ஓர் ஆமை இறந்தால் அது காட்சி. பல கரைகளில் இறந்தவற்றைக் கூட்டி எழுதினால் அது சான்று.

தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளமுடையது. பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் எண்ணப்படவேண்டியவை பல உள்ளன. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கடற்பசுவின் உணவாகிய கடற்புல் எங்கே அடர்கிறது, எங்கே அழிகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்துவருவோர் அக்கரையின் மக்களாகவே இருக்க முடியும்.

இதற்கு அயல்நாட்டுப் பயணமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஒரு தாள், ஓர் எழுதுகோல், மாதந்தோறும் ஒரே இடத்திற்குச் செல்லும் உறுதி ஆகிய மூன்றும் போதும். ஒருநாள் எழுதிய தாள் ஒரு செய்தியைத் தரும். ஓராண்டு எழுதிய தாள்கள் ஒரு போக்கைக் காட்டும். பத்தாண்டு எழுதியவை ஆள்வோரும் ஆய்வோரும் தவிர்க்கவியலாத ஆவணமாகும். கடலோரப் பள்ளி ஒவ்வொன்றும் தன் கரைக்கென ஓர் ஏட்டைத் தொடங்குமாயின், அதன் முதற்பக்கத்தை எழுதுவோர் இன்றைய மாணவர்களாகவே இருப்பர்.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்றஇறக்கம்
அலையாத்தி – உவர்நீர்க் கரையில் வளரும் மரக்காடு
தூர்த்தல் – மண்ணிட்டு நிரப்புதல்
தறுவாய் – உரிய சமயம்
வலித்தல் – துடுப்பை இழுத்துச் செலுத்துதல்
கடலிடுக்கு – இரு நிலங்களுக்கு இடைப்பட்ட குறுகிய கடற்பகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கடற்கரை, ஏரிக்கரை, ஆற்றங்கரை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, நூறு அடி தொலைவில் கிடக்கும் குப்பையை வகைப்படுத்தி எண்ணிப் பட்டியலிடுக. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் எண்ணி, இரு பட்டியல்களையும் ஒப்பிடுக.

2. ‘எடுத்தால் போதுமா? எழுதவும் வேண்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

1. பேய்வலை என்பது யாது? அதனால் விளையும் தீங்கைக் கூறுக.
2. அலையாத்திக் காட்டில் தொண்டாற்றுவோர் மூச்சுவேர்களை மிதித்தலாகாது. ஏன்?

சிறுவினா

1. ‘சாக்கில் உள்ளது இன்றைய குப்பை, தாளில் உள்ளது சான்று’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. காற்றில் சிக்கிய படகுகள் ஒரே தெப்பமான நிகழ்ச்சி உணர்த்தும் கருத்தை எழுதுக.

நெடுவினா

செக் ஜாவா காக்கப்பட்ட வரலாற்றையும், சென்னைக் கடலாமைப் பாதுகாப்புப் பணியையும் ஒப்பிட்டு, மக்களின் பதிவுகள் இயற்கையைக் காக்கத் துணைசெய்யும் முறையைக் கட்டுரையாக வரைக.